அழியாத மையில் ஓர் ஒப்பந்தம்

என் வீட்டில் இனிமேல் எந்த முடிவும் வாய்வார்த்தையாக இருக்காது, எல்லாம் எழுத்தில்தான் இருக்கும் என்று நான் தீர்மானித்தேன். பெரிய தீர்மானம்தான். பெரிய தீர்மானங்களை நான் பல் தேய்க்கும்போது எடுப்பதுதான் வழக்கம். வாய் நிறைய நுரை இருக்கும். மனைவி குறுக்குக் கேள்வி கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

வாயால் பேசி நான் ஜெயித்ததாகச் சரித்திரமே கிடையாது. என் மனைவியிடம் இரண்டு ஆயுதங்கள் உண்டு. ஒன்று, "நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்?" இரண்டு, "நீங்கதானே அப்படிச் சொன்னீங்க!" முதலாவது அவள் சொன்னதற்கு. இரண்டாவது நான் சொல்லாததற்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷன் எங்கேதான் நிற்பது? வாசலில் நிற்கலாம். பலமுறை நின்றிருக்கிறேன்.

இந்த முறை விவகாரம் மேஜை. எங்கள் வீட்டில் உருப்படியான ஜன்னல் ஒன்றுதான். அதன் கீழே உருப்படியான மேஜை ஒன்றுதான். என் ஆபீசில் பழைய சாமான்களைக் கழித்துக்கட்டியபோது நான் கெஞ்சி வாங்கி வந்தது. நாலு பேர் தாராளமாகப் படுத்துத் தூங்கலாம். ஆபீசில் இருந்தபோது தூங்கியும் இருக்கிறோம்.

அந்த மேஜையில்தான் என் இங்க் பேனாக்கள் குடியிருக்கின்றன. பக்கத்திலேயே மை பாட்டில்கள். நீலத்தில் மட்டும் எனக்குப் பதினோரு நீலம் உண்டு. விடிகாலை நீலம், மழைக்கு முந்தின நீலம், சோகத்தில் இருக்கும் நீலம் என்று நானே பேர் வைத்திருக்கிறேன். என் மனைவிக்கு எல்லாம் ஒரே நீலம். இத்தனைக்கும் அவள் தையல்காரி. நூல் என்று வந்துவிட்டால் அவளுக்குப் பத்து விதமான வெள்ளை தெரியும். "இது பால் வெள்ளைங்க, அது சுண்ணாம்பு வெள்ளை, கண்ணு அவிஞ்சா போச்சு?" என்பாள். நீலத்துக்கு மட்டும் அவள் கண் லீவு.

"எழுதறது ஒரு கை. எதுக்குங்க இத்தனை பேனா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"சாப்பிடறது ஒரு வாய். எதுக்கு இத்தனை பாத்திரம்?" என்று நான் மடக்கினேன்.

அருமையான பதில். அன்றைக்கு அத்தனை பாத்திரத்தையும் நான்தான் கழுவினேன்.

எனக்கு இருந்த ஒரே மனக்குறை என்னவென்றால், கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒருமுறைகூட என் கையெழுத்தை நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. பட்டை நிப்பில், மழைக்கு முந்தின நீலத்தில், கடைக்குப் போவதற்கான சீட்டை ஒரு கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதிக் காட்டுவேன். முழுதும் பார்த்துவிட்டு, "சோப்பை விட்டுட்டீங்க" என்பாள்.

சரி, மேஜைக்கு வருவோம். அவளுக்குப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் ஆர்டர் ஒன்று வந்தது. மொத்தமும் வெள்ளைச் சட்டை. துணியைத் தரையில் விரித்து, முட்டி போட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு "அம்மா" போட்டாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் மேஜை போய்விடுமே. எனவே பாவத்தை மனதோடு வைத்துக்கொண்டு பேனாவுக்கு மை ஊற்றினேன்.

"ஏங்க, அந்த மேஜையைக் கொஞ்சம் காலி பண்ணிக் குடுங்களேன். நின்னுக்கிட்டே கட்டிங் போட்டுடுவேன்."

"மேஜையையா? பேனா எல்லாம் எங்க போகும்?"

"அது எங்கயும் போகாதுங்க. அதுக்குக் காலா இருக்கு?"

"வெளிச்சம் வேணும்மா. மையோட நிறத்தைப் பகல் வெளிச்சத்துலதான் பார்க்கணும்."

"துணியை மட்டும் இருட்டுலயா வெட்டுவாங்க?"

"நான் இல்லாதப்ப வேணும்னா உபயோகிச்சுக்கோ."

வாய் தவறி விழுந்துவிட்டது. மறுநாள் ஆபீசிலிருந்து வந்து பார்த்தால் மேஜை முழுக்க வெள்ளைத்துணி. என் பேனாக்கள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கேட்டதற்கு, "நீங்கதானே அப்படிச் சொன்னீங்க!" ஆயுதம் நம்பர் இரண்டு. அன்றைக்குப் போராடி மீட்டேன். பல் தேய்க்கும்போது அந்தத் தீர்மானம் பிறந்ததும் மறுநாள் காலைதான்.

இந்த இடத்தில் பல் டாக்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேல் வீட்டில் இருக்கிறார். என்னைப் போலவே பேனாப் பைத்தியம். பல் நோண்டும் கம்பியாலேயே நிப்பையும் சரிசெய்வார். எந்தக் கம்பியை முதலில் எதற்கு உபயோகித்தார் என்று நான் கேட்டதில்லை, அவரிடம் பல் காட்டவும் போனதில்லை. அவரிடம் ஒரு பேனா இருக்கிறது. பழைய காலத்துத் தங்க நிப். லேசாக அழுத்தினால் நிப் விரிந்து கோடு தடிக்கும், விட்டால் மயிரிழையாக மெலியும். சொந்தப் பல்லைக்கூடக் கழற்றிக் கொடுப்பார், அந்தப் பேனாவை மட்டும் யாருக்கும் இரவல் தரமாட்டார்.

ஒரே ஒருமுறை, தீர்மானத்துக்குச் சில நாள் முன்னால், அவருடைய நேரடி மேற்பார்வையில் அதை வைத்து எழுத அனுமதித்தார். நான் மேஜையில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். என்ன சுகம்! அன்று மனைவி அதே அறையில் ஓர் அம்மாவுக்கு ரவிக்கை அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டரும் அந்த அம்மாவும் போன பிறகு அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"எழுத்து."

"தோள் பதினாலரை, கை எட்டு, முன்கழுத்து ஏழு... அந்த அம்மாவோட அளவு மொத்தமும் எழுதி வச்சிருக்கீங்க!"

"நானா?"

"பின்ன, பக்கத்து வீட்டுப் பூனையா? நான் சொல்லச் சொல்ல எழுதியிருக்கீங்க. எழுதினது தெரியலையா?"

"இதெல்லாம் உனக்குப் புரியாதும்மா. நல்ல நிப் கையில வந்துட்டா ரசிகன் கோட்டைத்தான் பார்ப்பான். வார்த்தையைப் பார்க்கிறவன் வெறும் குமாஸ்தா."

ஆபீசில் நான் குமாஸ்தாதான். அதை அவள் சுட்டிக்காட்டவில்லை. "ஓஹோ" என்று மட்டும் சொன்னாள். அந்த ஓஹோவை நான் கவனித்திருக்க வேண்டும். தாளில் காய்ந்துகொண்டிருந்த கோட்டைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

தீர்மானம் எடுத்த கையோடு ஒப்பந்தத்துக்கென்றே ஒரு மை வாங்கினேன். பத்திரம் எழுதுகிற மை. நீலமாக இறங்கி, காயக் காயக் கண்ணெதிரிலேயே கறுக்கும். சமையலறை வாசலில் நின்று மனைவிக்கு ஒரு சொற்பொழிவே ஆற்றினேன்.

"தண்ணி ஊத்து, சோப்பு போடு, ப்ளீச்சைக் கொட்டு. ஒரு எழுத்து அசையாது. காகிதம் இருக்கிறவரைக்கும் இருக்கும்."

"துணியில பட்டா?"

"துணி இருக்கிறவரைக்கும் இருக்கும்."

"அப்ப இதுல எழுதிட்டா, எழுதினவங்களே நினைச்சாலும் அழிக்க முடியாது?"

"அதுதானே இதோட பெருமை!"

"ஓஹோ" என்றாள் மறுபடியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. டீ குடித்து முடித்ததும் தொண்டையைக் கனைத்தேன்.

"இந்தா பாரு, மேஜை விஷயத்தை இன்னிக்கு எழுத்துல முடிச்சுடுவோம். பேச்சுங்கறது காத்தோட போயிடும்."

"எழுதிக்கலாங்க" என்றாள்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவள் மறுப்பாள் என்று நம்பி, காரசாரமாக ஒரு பிரசங்கத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதில் உரிமை, நியாயம், மனசாட்சி எல்லாம் வரும். அத்தனையும் வீண்.

"ஒரே ஒரு கண்டிஷன்" என்றாள். "நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. என் வாயால வந்தாத்தானே என் சம்மதம்னு ஆகும்? நாளைக்கு 'நான் எப்பச் சொன்னேன்'னு கேட்கக் கூடாது பாருங்க."

தன் ஆயுதத்தைத் தானே கீழே வைக்கிறாள்! எதிரி வெள்ளைக்கொடி காட்டும்போது கொடி எந்தக் கடைத் துணி என்று யாராவது கேட்பார்களா? சம்மதித்தேன். அப்போது பார்த்து, வெள்ளை கோட்டுக்கு அளவு கொடுக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு பல் டாக்டர் உள்ளே நுழைந்தார். வந்தவர் சட்டைப்பையிலிருந்து அந்தப் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதுல எழுதுங்க சார்."

என் காதை நான் நம்பவில்லை. "இரவலாவா தர்றீங்க?"

"முக்கியமான காரியம்னு கேள்விப்பட்டேன்."

"யார் சொன்னா?"

"பொதுவா பேசிக்கிட்டாங்க" என்று கூரையைப் பார்த்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதுவல்லவா நட்பு! என் அழியாத மையை அதில் நிரப்பினேன். என் தாள்களிலிருந்து வழுவழுவென்று நல்லதாக ஒன்றை மனைவியே எடுத்து வைத்தாள். மேஜையைத் துடைத்தும் விட்டாள். எழுதும் கைக்குக் கீழே தாள் நழுவாமல் இருக்கத் தன் கத்தரிக்கோலை மூலையில் வைத்தாள். இப்படி ஒரு உபசாரம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட நடக்கவில்லை.

"சொல்லட்டுங்களா? 'ஜன்னலோர மேஜை யாருக்கு என்பது பற்றி, கணவன் மனைவி இருவரும் பேசி முடிவு செய்தது.'"

"பேஷ்" என்றபடி எழுதினேன். நியாயமான தொடக்கம். இந்த வரிவரை ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருக்கிறது.

அதற்கப்புறம்தான் நிப் சூடு பிடித்தது. இறங்கும் கோட்டில் அழுத்தினேன், தடித்தது. ஏறும் கோட்டில் விட்டேன், மெலிந்தது. முதல் வரி கண்ணெதிரிலேயே நீலத்திலிருந்து கறுப்புக்கு மாறிக்கொண்டிருந்தது. பொழுது சாய்வதைத் தாளில் பார்ப்பது போல இருந்தது. அவள் ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். கை எழுதிக்கொண்டே போனது. நடுவில் "முழுமனதுடன்" என்றாள்.

முழுமனதுடன்! அந்த ழு இருக்கிறதே, அதைச் சாதாரணப் பேனாவில் எழுதுவது பாவம். இந்த நிப்பில் அது வளைந்து, தடித்து, மெலிந்து, கடைசியில் வாலை ஒரு சுழற்று சுழற்றிக்கொண்டு போய் நின்றது. சொக்கிப் போனேன்.

"ஆஹா! ழ வர்ற மாதிரி இன்னொரு வார்த்தை சொல்லேன்!"

"'மகிழ்ச்சியுடன்'னு போட்டுக்கோங்க."

"போட்டாச்சு! இன்னொண்ணு?"

"'வாழ்நாள் முழுவதும்.'"

"ஒரே மூச்சுல ரெண்டு! டாக்டர், இந்த ழாவைப் பாருங்க!"

"பிரமாதம் சார்" என்றார் டாக்டர். தாளை அவர் பார்க்கவில்லை. என் மனைவி மேஜையில் வைத்திருந்த, தன் வெள்ளை கோட்டுக்கான துணியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஞா-வும் நல்லா வருமாங்க அந்தப் பேனாவுல?" என்று மனைவி கேட்டாள். முதன்முதலாக என் பேனா ரசனையில் அக்கறை காட்டுகிறாள்! உள்ளம் குளிர்ந்தது.

"வருமாவா? சொல்லிப் பாரு!"

"'ஞாயிற்றுக்கிழமைதோறும்.'"

நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தே விட்டேன். ஒரே வார்த்தையில் ஞாவும் ழாவும்! இப்படி ஒரு பொக்கிஷத்தை நான் இத்தனை நாளாகக் காலண்டரில் வெறுமனே கிழித்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எழுதினேன். அதற்குப் பின்னால் "கழுவி" வந்தது. "ஒழுங்காக" வந்தது. "விழுந்தாலும்" வந்தது. ழகரம் மழையாகப் பொழிந்தது. கடைசியில், "கீழே கையெழுத்து" என்றாள். அதிலும் இரண்டு! வாழ்க்கையிலேயே அழகான கையெழுத்தைப் போட்டேன். டாக்டர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு பேனாவைப் பிடுங்கித் துடைத்துப் பையில் செருகிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். அளவு கொடுக்கவே இல்லை. ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, கோட்டுக்குத் தையல்கூலியே அந்த இரவல் பேனாதான் என்பது பின்னால்தான் தெரிந்தது.

மகளைக் கூப்பிட்டேன். சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். தாளை அவளிடம் நீட்டி, "உரக்கப் படிம்மா. உங்கம்மா நல்லாக் கேட்டுக்கட்டும்" என்றேன்.

படித்தாள். "'ஜன்னலோர மேஜை யாருக்கு என்பது பற்றி, கணவன் மனைவி இருவரும் பேசி முடிவு செய்தது. மேற்படி மேஜையை இன்று முதல் என் மனைவியின் தையல் வேலைக்கு நான் சுயநினைவோடு, முழுமனதுடன், மகிழ்ச்சியுடன், வாழ்நாள் முழுவதும் விட்டுக்கொடுக்கிறேன்.'"

"நிறுத்து" என்றேன்.

"இன்னும் இருக்குப்பா. 'என் பேனா, மை வகையறாக்களை இரும்பு அலமாரியின் மேல் தட்டில் வைத்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுப் பாத்திரங்களைக் கழுவி ஒழுங்காக அடுக்கி வைப்பேன். ஒரு சொட்டு மை துணிமேல் விழுந்தாலும் அந்த வாரம் முழுவதும் கழுவுவேன்.' கீழே கையெழுத்து. சாட்சி, பல் டாக்டர்."

"இது செல்லாது!" என்று கத்தினேன்.

மகள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "யாராவது மிரட்டி எழுதி வாங்கினாங்களாப்பா?"

"இல்ல."

"குடிச்சிருந்தீங்களா?"

"டீ."

"யாரோட மை? யாரோட பேப்பர்? எழுத்துல முடிச்சுடுவோம்னு யார் ஆரம்பிச்சது?"

மூன்றுக்கும் பதில் ஒன்றுதான். அதை விட்டுவிட்டு, "நான் என்ன எழுதறேன்னு கவனிக்கலைம்மா!" என்றேன்.

"'சுயநினைவோடு'ன்னு நீங்களே எழுதியிருக்கீங்களேப்பா. அந்த வார்த்தையில ழாகூட இல்ல."

பெண்ணைச் சட்டம் படிக்க வைக்காதீர்கள். படிக்க வைத்தால் வீட்டுக்கு வெளியே வாதாடச் சொல்லுங்கள்.

தாளைப் பிடுங்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். குழாயைத் திறந்து தாளை நீட்டினேன். ஓர் எழுத்து அசையவில்லை. சோப்பைத் தேய்த்தேன். சோப்புதான் தேய்ந்தது. ப்ளீச்சை ஊற்றினேன். விரல் எரிந்தது, "மகிழ்ச்சியுடன்" அப்படியே மகிழ்ச்சியாக இருந்தது. மை விற்ற மகாபாவி சொன்னதைச் செய்துவிட்டான். உலகத்தில் எத்தனையோ வியாபாரிகள் பொய் சொல்கிறார்கள், எனக்கு வாய்த்தவன் மட்டும் யோக்கியன். சரி, கிழித்தே போட்டுவிடலாம் என்று இரண்டு கையாலும் பிடித்தேன். அந்த ழுவின் வாலில் கண் போனது. கை வரவில்லை. எந்தத் தகப்பனுக்கு வரும்?

வெளியே வந்தபோது மனைவி துண்டோடு நின்றாள். "குடுங்க, நனைஞ்சிடுச்சு" என்று வாங்கி, இரண்டு துணிகளுக்கு நடுவில் வைத்து, சீருடைச் சட்டையைத் தேய்ப்பது போல இஸ்திரிப் பெட்டியால் பதமாகத் தேய்த்தாள். ஒரு சுருக்கமில்லாமல் வந்தது. அதை மேஜைக்கு நேர் மேலே சுவரில் குண்டூசிகளால் குத்தி வைத்தாள்.

அன்று சாயங்காலமே குடிபெயர்ப்பு முடிந்துவிட்டது. பதினோரு நீலங்களும் இரும்பு அலமாரியின் மேல் தட்டுக்குப் போயின. அங்கே வெளிச்சமே கிடையாது. கதவைத் திறந்து பார்த்தால் எனக்கே எல்லாம் ஒரே நீலமாகத்தான் தெரிந்தது. அவள் ஜன்னலோரத்தில் நின்றபடி கத்தரியை ஓட்டினாள். இடுப்பைப் பிடிக்கவில்லை. ஒரு "அம்மா"வும் இல்லை. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. அதை எழுத்தில் கொடுக்க மட்டும் நான் தயாராக இல்லை.

அடுத்த சில நாட்களில் துணி கொடுக்க வந்தவர்கள் எல்லாம் சுவரைப் பார்த்தார்கள். ரவிக்கை அளவு கொடுத்தாளே ஓர் அம்மா, அவள் அண்ணாந்து நின்று படித்துவிட்டு, "யார் எழுதினது? அச்சு மாதிரி இருக்கே!" என்றாள். நான் அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அல்ல. ஒரு சொட்டு விழுந்துவிட்டது.

அந்த அம்மா போனதும் மனைவி சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். 

"ஏங்க, சும்மா சொல்லக் கூடாது. உங்க கையெழுத்து ரொம்ப அழகா இருக்குங்க."

கையிலிருந்த பாத்திரம் தொட்டியில் நழுவியது. கல்யாணமான நாளிலிருந்து நான் காத்துக்கொண்டிருந்த ஒரே வாக்கியம்! மேஜை போனால் போகட்டும். பாத்திரம் இருந்தால் இருக்கட்டும்.  ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "நிஜமாவா சொல்றே? வேணும்னா இன்னொரு காப்பி எழுதித் தரட்டுமா?" என்று கேட்டேன்.

"அது எதுக்குங்க வேஸ்ட்டா? அடுத்த வாரம் அலமாரிக்கு எழுதுவோமில்ல, அதுல காட்டுங்க உங்க திறமையை" என்றாள்.